ஒலி எழுப்பச் சொன்ன கதவு

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கின் வாசனை மூக்கு வழியாக ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. சேலத்தில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் முன்கதவை, நல்ல நிலையில்தான் இருந்த நீல பெயிண்ட் கதவை, கழற்றிப் போட்டுவிட்டு, மரத்தின் நரம்பு தெரியும்படி சாயம் ஏற்றிப் பாலிஷ் போட்ட புதுக் கதவு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். இந்த மாடியில் கதவுகள் ஆறு. ஐந்து நீலம், எங்களுடையது மட்டும் இப்போது தேன் நிறம். கதவில் முடிச்சுகள் ஒன்பது. அவற்றில் ஒன்று மனிதக் கண் போலவே இருந்து என்னை முறைக்கிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவதற்கு இப்போது பிள்ளைகள் இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறேன்.

ஆனால் என் கவலை நிறத்தைப் பற்றியதோ முடிச்சைப் பற்றியதோ இல்லை. பாலிஷ் போட்ட கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். இதை மகனிடம் சொன்னேன். "அப்பா, இது மெஷின் பாலிஷ், கடையிலேயே காஞ்சு வந்தது, ஒட்டாது" என்றான். இருந்தாலும் காலையில் பல் துலக்கியதும் ஒருமுறை, குளிக்கப் போகும்முன் ஒருமுறை கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிறேன். மருமகள் எதிர்வீட்டுக்காரர்களிடம், "மாமாவுக்குப் புதுக் கதவு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். ஒரு பாலிஷ் கதவால் என் அக்காவின் கல்யாணம் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பது அவளுக்குத் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் இடையில், கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் ஒரு சிற்றூரில். அங்கே மனிதர்களைப் பேர் சொல்லி அடையாளம் காட்டினால் யாருக்கும் விளங்காது. ஒரே பேரில் நாலைந்து பேர் இருப்பார்கள். காட்டை, அதாவது அவரவர் நிலத்தை, வைத்துத்தான் அழைப்பு. பள்ளத்தில் காடு வைத்திருந்ததால் அப்பா 'பள்ளக்காட்டார்'. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர் 'மேட்டுக்காட்டார்'. வெளியூர்க்காரர்களுக்கு இதுவும் போதாது என்பதால், வீட்டுக்கு வழி சொல்ல எங்கள் வீட்டின் முன்கதவு பயன்பட்டது. அப்படி ஒரு கதவு வேறெங்கும் கிடையாது.

அம்மாவின் தம்பி நாமக்கல்லில் லாரிகளுக்குப் 'பாடி' கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தார். அவரை 'லாரி மாமா' என்போம். ஒவ்வொரு பொங்கலுக்கும் மீந்துபோன பெயிண்டை டப்பாக்களில் கொண்டுவந்து, சீர் செய்வது போல எங்கள் முன்கதவுக்கு அடித்துவிட்டுப் போவார். அந்த வருடம் லாரி முதலாளிகள் எந்த நிறத்தை விரும்பினார்களோ அதுதான் எங்கள் கதவின் நிறம். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் சிவப்பு, இன்னொரு வருடம் பாதி நீலம் பாதி காவி. கடைசியாக அடித்தது மஞ்சள். மாம்பழ மஞ்சளைவிட உக்கிரமான, வெயிலில் பார்த்தால் கண் கூசும் மஞ்சள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெறும் பலகையைப் பார்த்தால் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. கதவின் மேல்பாதியில் இரண்டு தாமரைகளை வரைந்து, நடுவில் சிவப்புக் கொட்டை எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் சும்மா வந்ததில்லை. தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நிற்பார். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பையன்கள் வாயால் 'பாம்... பாம்' என்று ஊதிவிட்டு ஓடுவார்கள். அப்பா மதியம் கண் அயரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஊதுவார். "கதவா இது? சுங்கச்சாவடி" என்று அப்பா கத்துவார். லாரி மாமா அசையமாட்டார். "மச்சான், லாரி மழைலயும் வெயில்லயும் ஓடுது, பெயிண்ட் போவுதா? உங்க கதவு எங்க ஓடப்போவுது? இன்னும் இருவது வருசத்துக்குத் தாங்கும்" என்பார். இருபது வருடம் என்ற சொல்தான் அப்பாவைக் கலங்கடித்தது.

அப்போது தனம் அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, மூன்று பேரும் ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். ஒன்று ஜாதகம் என்றும், ஒன்று நிறம் என்றும் அம்மா நினைத்தாள். அப்பாவுக்கு மட்டும் மூன்றுக்கும் ஒரே காரணம்தான். மூன்றாவதாக வந்த பெரியவர் கிளம்பும்போது கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "லாரி எத்தனை வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னதும் அவர் முகம் மாறியதை அப்பா பார்த்துவிட்டார்.

அக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நாலாவது வரன் ஒன்று இருப்பதாகத் தரகர் வந்து சொன்ன அன்று, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "இதா பாரும்மா, இந்த ஒருக்காத்தான். இதுவும் போச்சுன்னா இனி யாரு வந்தாலும் நானு காப்பித் தட்டத்தைத் தூக்கிக்கிட்டு நடுவாசல்ல வந்து நிக்கமாட்டேன். சந்தையில மாடு நிக்கறாப்பல இருக்குது." அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

மாப்பிள்ளை சேந்தமங்கலம் பக்கம். கொஞ்சம் நிலம், பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடை. பேச்சு எடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைத் தெருவில் நின்று ஒரு நோட்டம் விட்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா சைக்கிளில் போய், அந்த வீட்டுக்கு எதிரில் சங்கிலி கழன்றுபோனதாகப் பாவனை செய்து, நல்ல சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் கைகால்கூடக் கழுவவில்லை.

"அவுங்க ஊட்டுக் கதவுல மொகம் பாக்கலாம். அப்படியொரு பாலிசு. நம்மூட்டுக் கதவுல லாரிதான் பாக்கலாம்."

மறுநாளே ராசிபுரத்திலிருந்து ஓர் ஆசாரி வந்து இறங்கினார். இருக்கிற பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பாலிஷ் போட்டுவிடலாம் என்பது திட்டம். ஆசாரி சுரண்டச் சுரண்ட மஞ்சளுக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் பச்சை என்று வெங்காயம் உரிப்பது போல வந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணினேன், ஏழு பூச்சு. ஏழாவதும் போனபின் தெரிந்த மரம் ஒரே மரம் இல்லை. ஒரு பலகை பலா, ஒரு பலகை வேம்பு, ஒரு பலகை ஏதோ சரக்குப் பெட்டியிலிருந்து வந்தது. அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருக்க, அம்புக்குறி கீழே பார்த்திருந்தது. இதற்குப் பாலிஷ் போட்டால் ஊர் சிரிக்கும் என்று அப்பா முடிவு செய்து, புதுக் கதவே செய்யச் சொன்னார். அடியில் சுரண்டிய ஒரு முழம் போக மஞ்சள் கதவு அப்படியே இருந்தது. தன் வீட்டுக் கதவைக் கரையான் தின்றுவிட்டதென்று புலம்பிக்கொண்டிருந்த மேட்டுக்காட்டார் அதைக் கேட்க வந்தார். "தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. என்ற கண்ணுல படாம இருந்தாச் செரி" என்றார் அப்பா. மேட்டுக்காட்டார் பேரப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய், அன்றைக்கே தன் வீட்டு நிலையில் மாட்டிவிட்டார். அவருக்கு அந்த 'ஒலி எழுப்பவும்' மேல் நெடுநாளாகவே ஒரு கண்.

புதுக் கதவுக்குத் தேக்கு வாங்க அப்பாவுக்குக் கை வரவில்லை. வரப்போரத்து வேம்பு ஒன்று ஏற்கெனவே அறுத்துக் காய்ந்து கிடந்தது. "வேம்பைத் தேக்காட்டம் காட்டிப்போடலாமுங்க, சாயந்தான் வேணும்" என்றார் ஆசாரி. அப்பாவுக்கு இளம்பிள்ளை என்ற ஊரில் நெசவுக்காரச் சிநேகிதர் ஒருவர் உண்டு. அவரிடமிருந்து சேலை நூலுக்கு ஏற்றும் சாயப்பொடி ஒரு பொட்டலம் வந்தது. காப்பிக்கொட்டை நிறம் என்று சொல்லித்தான் கொடுத்தார். வேப்பமரத்தில் ஏறியதும் அது முகூர்த்தச் சேலையின் கரைச் சிவப்புக்கு வந்தது. அதை மறைக்க ஆசாரி மேலே மேலே பாலிஷ் இழுத்தார். இழுக்க இழுக்கக் கதவு மின்னியது. "நாளைக்குக் காத்தால காஞ்சிருமுங்க" என்று சொல்லிவிட்டு ஆசாரி அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டார். ஐப்பசி மாதம். வானம் மூடிக்கொண்டு, உப்பு ஜாடியில் உப்பே நீர் விட்டுக்கொண்டிருந்த நேரம். இதில் அப்பா டப்பாவின் அடியில் மீதி கிடந்த பாலிஷை வீணாக்க மனமில்லாமல், மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளுக்கு முந்தின மாலையில் தானே இன்னும் இரண்டு பூச்சு பூசினார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பகலில் முன்கதவைச் சாத்துவது கிடையாது. சாத்தியிருந்தால் வீட்டார் காட்டுக்குப் போயிருக்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கேயோ எழவுக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அப்பாவுக்கு அன்று வேறு யோசனை. திறந்து கிடக்கும் கதவு சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் அழகு யாருக்குத் தெரியும்? சாத்தி வைத்தால்தானே வருகிறவர்கள் முழுக்கதவையும் பார்ப்பார்கள்? அவர்கள் பார்த்து, வியந்து, தட்டியதும், இவர் விரியத் திறந்து "வாங்க, வாங்க" என்பார். இதை இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தார். மூன்றாவது முறை சாத்தியதோடு கதவைத் தொடவில்லை.

தரகருக்கு அன்று காய்ச்சல். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தரகர் சொல்லியிருந்தது ஒரே அடையாளம்தான்: "பேரெல்லாம் கேக்காதீங்க, கொழப்பிப்போடுவாங்க. தெருவுல போனீங்கன்னா மஞ்சக் கதவு, 'ஒலி எழுப்பவும்'னு எழுதியிருக்கும். அதாங்க ஊடு." கதவு மாறிய சேதி அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வரன் தட்டிப்போன வீடு என்பதால் நாலாவதை அப்பா ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் நான் நின்று எண்ணினேன். ஒற்றைப்படையில் வருவதுதான் முறை. ஏழு பேர் வந்தார்கள். முன்னால் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரியவர், அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. கடைசியில் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. அப்பா துண்டைச் சரிசெய்து, கதவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றார். ஏழு பேரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். பெரியப்பா மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஊட்டுக்காரங்க காட்டுக்குப் போயிட்டாங்களாட்டம் இருக்குது. இது இல்லை. வாங்க, மஞ்சக் கதவைப் பாக்கலாம்."

அப்பா கதவை இழுத்தார். வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுத்தார். ஆசாரி பூசியதும் இவர் பூசியதும் ஐப்பசி ஈரத்தில் இளகி, கதவையும் நிலையையும் ஒரே மரமாக ஆக்கிவிட்டிருந்தன.

"ஜன்னல்ல நின்னு ஒரு சத்தம் குடுங்க" என்றாள் அம்மா.

"சம்பந்தியாகப் போறவங்களை ஜன்னல்ல நின்னு கூப்பிடறதா? நானென்ன ஜெயில்லயா இருக்கறேன்?"

"அப்பப் பொடக்காளி வழியா ஓடுங்க."

'பொடக்காளி' என்றால் வீட்டின் பின்புறம். மாட்டுக் கொட்டாயும் துவைக்கிற கல்லும் இருக்கும் இடம். "சம்பந்திய மொத மொதல்ல பொடக்காளி வழியாவா வரவேற்கறது?" என்றார் அப்பா. அதற்குள் நாலு வீடு தள்ளி, விரியத் திறந்திருந்த மஞ்சள் கதவின் முன்னால் நின்றுகொண்டு, எழுதியிருந்ததற்குக் கட்டுப்பட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா ஒலி எழுப்புவது எங்களுக்கே கேட்டது. "ஏனுங்க... ஊட்ல யாருங்க?" அதற்கு மேட்டுக்காட்டாரின் குரல்: "வாங்க, வாங்க, உள்ள வாங்க!"

அக்கா சமையற்கட்டு வாசலில் பட்டுச் சேலையோடு நின்றிருந்தாள். காப்பித் தட்டம் தயாராக இருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

அப்பா என்னைப் பிடித்தார். "போயிக் கூட்டிக்கிட்டு வா. ஆனா நேராச் சொல்லிப்போடாத, மானம் போயிரும். பதமாக் கூட்டிக்கிட்டு வா." பதினொரு வயதுப் பையன் ஏழு பெரியவர்களை எப்படிப் பதமாகக் கூட்டிவருவது என்பதை அவர் சொல்லவில்லை. நான் பின்பக்கமாக ஓடி மேட்டுக்காட்டார் வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் அவர் மனைவி என்னையும் வரிசையில் உட்காரவைத்து, வெல்லம் போட்ட கச்சாயம் மூன்றைத் தட்டில் வைத்தார்.

அதுவும் எங்கள் வழக்கம்தான். வந்தவரை யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்பது, அவர் ஒரு வாய் தின்று தண்ணீர் குடித்த பிறகுதான். முன்னால் கேட்டால், 'ஏன் வந்தாய்' என்று கேட்டதாகிவிடும். பெண் பார்க்கப் போனவர்களும் எடுத்த எடுப்பில் பெண் எங்கே என்று கேட்கமாட்டார்கள். ஆகவே இரண்டு தரப்பும் வெகு மரியாதையாக மழையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தன.

"உங்க பக்கம் மழை எப்படீங்க?"

"பரவால்லீங்க. கெழங்குக்குப் போதுமுங்க."

"பலகாரம் எடுத்துக்குங்க. இன்னொண்ணு வெய்யி, அவுருக்கு."

மேட்டுக்காட்டார் இவர்களைப் புண்ணாக்கு வியாபாரிகள் என்று நினைத்தாராம், பின்னால் சொன்னார். ஏழு பேர் எதற்கு என்றுதான் யோசனையாக இருந்ததாம். நான் வாயில் கச்சாயத்தோடு எப்படிப் பதமாக ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து காப்பித் தட்டத்தோடு மேட்டுக்காட்டாரின் மருமகள் வந்தாள். ஏழு பேரும் ஒரேயடியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை முதலில் தரையைப் பார்த்தார். பிறகு மரியாதைக்கு மெல்லத் தலையை உயர்த்தினார். உயர்த்தியவர் தட்டத்துக்கும் அதைத் தாங்கிக்கொண்டிருந்த வயிற்றுக்கும் இடையில் பார்வை சிக்கி, அப்படியே தன் அம்மா பக்கம் திரும்பினார்.

அந்த அம்மாள் நிதானமானவர். டம்ளரை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"ஏஞ்சாமி... இது எத்தனாவது மாசம்?"

"ஏழுங்க அத்தை" என்றாள் மருமகள் சிரித்தபடி.

பெரியப்பா கூரை ஓட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்காமல் மெதுவாகச் சொன்னார்:

"தரகன் எங்ககிட்ட இதைச் சொல்லலீங்களே."

"எந்தத் தரகனுங்க?" என்றார் மேட்டுக்காட்டார்.

இதற்கு மேல் பதம் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னேன்: "நீங்க எங்கூட்டுக்கு வந்தவிங்க. பொண்ணு அங்கதான் இருக்குதுங்க. கதவு மட்டும் இங்க வந்திருச்சுங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடுத்து மேட்டுக்காட்டார், அவர் சிரித்த சிரிப்பில் மருமகளும் குலுங்க, அவள் கையிலிருந்த தட்டத்தை அவர் மனைவி ஓடிவந்து பிடிக்கவேண்டியதாயிற்று. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சிரிக்கற காரியமில்லைங்க. எடுத்த காரியம் மொதப் படியிலயே வளி தப்பிப்போச்சு. சகுனம் செரியில்லை. பஸ் வர்ற நேரமாச்சு, கெளம்பலாம்."

அக்கா சமையற்கட்டு வாசலில் நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான், "இத்தனை தூரம் வந்துபோட்டு ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போனா அந்தப் புள்ளை மனசு என்ன பாடுபடும்? எட்டிப் பாத்துட்டே போலாமுங்க மாமா" என்றார். முன்கதவு திறக்காது என்று நான் சொன்னதும் மேட்டுக்காட்டார் தலைமையில் அத்தனை பேரும், சந்து வழியாக, எங்கள் பொடக்காளிக்கு நடந்தார்கள்.

அங்கே அக்கா இருந்தாள். பட்டுச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் இரண்டு முழம் மல்லிகையோடு, மாட்டுக் கொட்டாயிலிருந்து கடப்பாரையை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டிருந்தாள். காத்திருந்து பார்த்துவிட்டு, வருகிறவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கதவை உடைத்தே தீர்வது என்று முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது. சத்தம் கேட்டுத் திரும்பியவள் ஏழு பேரையும் பார்த்தாள். எங்கேயும் ஓடவில்லை.

"நீங்கதானுங்களா? செத்த நில்லுங்க, கதவைத் தொறந்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையோடு சந்து வழியாக முன்பக்கம் நடந்தாள்.

"நானும் ஒரு கை புடிக்கறேனுங்க" என்று மாப்பிள்ளை பின்னால் போனார்.

அக்கா கடப்பாரை முனையை இடுக்கில் கொடுத்து நெம்ப, மாப்பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்துத் தள்ள, இதெல்லாம் தெரியாமல் உள்ளே அப்பா நாதாங்கியைப் பிடித்துத் தன் பங்குக்கு இழுத்துக்கொண்டிருந்தார். துணி கிழிவது போல ஒரு நீண்ட சத்தம். கதவு படாரென்று உள்ளே போனது. அதற்கு முன்பே அப்பா போய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். கதவின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பாலிஷும் சாயமும் தோல் போல உரிந்து நிலையிலேயே தங்கிவிட, அடியில் வேப்பமரம் வெள்ளையாகச் சிரித்தது.

உட்கார்ந்தபடியே அப்பா கைகூப்பினார். "வாங்க மாப்பிள்ளை. உள்ள வாங்க."

மாப்பிள்ளை கதவை ஒருமுறை பார்த்தார். "வேண்டாமுங்க மாமா. நான் உள்ள வந்து, அது மறுபடியும் சாத்திக்கிட்டா ஊருக்குப் போகோணுமுங்களே. பொடக்காளி வழியாவே வந்தர்றேன்" என்று சொல்லி, வந்த வழியே சுற்றிக்கொண்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே அவர் அப்பாவை மாமா என்று கூப்பிட்டதை அம்மா கவனித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா மறுபடி சகுனத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா மகனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேல் என்று இளம்பிள்ளைச் சாயத்தில் ஊறியிருந்தன. வெள்ளைச் சட்டையில் அவர் தொட்ட இடமெல்லாம் அடையாளம்.

"பாருங்க மாமா. இந்த ஊட்டுச் சாயம் பையன் கையில ஏறிப்போச்சு. இனிக் கழுவுனாப் போவுமுங்களா? செரின்னு சொல்லிப்போடுங்க."

பெரியப்பா அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பலகாரம் ஏற்கெனவே தின்னாச்சு. பஸ் வேற போயிருக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள். காப்பியையும் எல்லாரும் மேட்டுக்காட்டார் வீட்டிலேயே குடித்துவிட்டிருந்ததால் அக்கா அன்று தட்டம் தூக்கவே இல்லை. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மருதாணி வைக்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டு, யார் முன்னாலேயே வைத்தது என்று கேட்டார்கள்.

அதன்பின் அந்த மாப்பிள்ளை, என் மச்சான், எங்கள் வீட்டுக்கு முன்கதவு வழியாக வந்ததே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தார், நோன்புக்கு வந்தார், மழை கொட்டும்போதும் வந்தார். எப்போதும் சந்தில் சுற்றி, மாட்டைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டித்தான். "நான் வந்த வளி இது" என்பார். தனக்கென்றே செய்த கதவை மாப்பிள்ளை ஒருமுறைகூட மிதிக்கவில்லையே என்று அப்பாவுக்கு ஆறவே இல்லை. ஒரு தீபாவளிக்குப் பின்கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். மச்சான் துவைக்கிற கல்லில் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்தார். இன்னொரு முறை மாட்டைச் சந்துக்குக் குறுக்கே கட்டிவைத்தார். மச்சான் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டே வந்துசேர்ந்தார். உரிந்த இடத்தை மறைக்க அப்பா ஒவ்வொரு பண்டிகைக்கும் அங்கே மட்டும் மாவிலையைத் தாழ்வாகக் கட்டுவார்; வருகிறவர்கள் தலையில் அது இடிக்கும். மச்சான் தலையில் மட்டும் இடித்ததில்லை.

அப்பா இறந்த அன்று இரண்டு கதவும் திறந்து கிடந்தன. மச்சான் முன்வாசலில் நின்று, நிலையைத் தொட்டுவிட்டு, முன்கதவு வழியாக உள்ளே வந்தார். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் கவனித்திருந்தாள்.

இப்போது அந்த வீடு இல்லை. இருந்த இடத்தில் கோழித் தீவனக் கிடங்கு ஒன்று நிற்கிறது. அதற்கு மேல்நோக்கிச் சுருட்டுகிற இரும்புக் கதவு. மேட்டுக்காட்டார் வீட்டை இடித்து அவர் பேரன் மாடி கட்டியபோது மஞ்சள் கதவு தீவனக் குழிக்கு மூடியாக இருந்தது. தாமரை இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த கோடையில் போனபோது அதுவும் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குள் கதவைச் சொல்லி வழி கேட்பவரும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்து, கைப்பேசி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறார்கள். பகலில் எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருக்கிறது. இந்தச் சேலத்து வீட்டுக்கு இருப்பதே ஒரு கதவுதான். பொடக்காளி என்று மகனிடம் சொன்னால், பால்கனியில் துணி காயவைக்கும் மூலையைக் காட்டுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் கதவைப் பார்க்க அக்காவும் மச்சானும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மச்சானுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் காலையிலிருந்து கதவை எத்தனை முறை திறந்து மூடினேன் என்பது மருமகளுக்குத்தான் தெரியும். கதவின் பக்கத்தில் அழைப்புமணி இருக்கிறது. அழுத்தினால் வந்தவர் முகம் உள்ளே ஒரு சின்னத் திரையில் தெரியும். மணி அடிக்கவே இல்லை. பத்தரை மணி வாக்கில் கதவுக்கு வெளியே, மூச்சு வாங்கும் ஒரு கிழக்குரல் வாயால் ஊதியது:

"பாம்... பாம்!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது. "என்ற ஊட்டுக்காரரை வெச்சுக்கிட்டு மானம் போவுது" என்று அக்காவின் குரலும் கேட்டது. நான் எழுந்து ஓடினேன்; இந்த வயதில் ஓடுவது என்று சொல்லத் தகுந்த அளவுக்கு ஓடினேன்.

"மூணு மாடியும் சுத்திப் பாத்தேனுங்க மாப்பிள்ளை" என்று வெளியிலிருந்தபடியே சொன்னார் மச்சான். "பொடக்காளி வளியே காணோம். அதான் ஒலி எழுப்புனேன்."

கதவைப் பிடித்து, காலை நிலையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். புதுக் கதவு ஒட்டவே இல்லை. விரல் பட்டதும் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. எனக்கு அது என்னவோ ஒரு குறையாகத்தான் பட்டது.